ஒரு நாவலுக்கு வைத்த விருந்து

அமெரிக்க ஊர்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு உணவகத்தில் மாலை நேரத்தில் மேசைகளைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, உள்ளூர் எழுத்தாளர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். பேசி முடித்ததும் எழுத்தாளர் ஒரு மூலையில் பேனாவோடு உட்கார்ந்துகொள்வார். புத்தகம் வாங்கியவர்கள் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குவார்கள். உணவகத்துக்கு வியாபாரம், எழுத்தாளருக்குப் பத்துப் பிரதி விற்ற சந்தோஷம். கேட்க வந்தவர்களுக்குச் சாப்பாடும் பேச்சும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்றுதான் தோன்றும்.

எப்போதும் அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எழுத்தாளர்கள் கூடிய ஒரு மாலை, ஒரு இலக்கிய இயக்கத்தையே தொடங்கி வைத்தது. அதே மாலை, யாருடைய புத்தகத்துக்காகக் கூட்டப்பட்டதோ அந்த எழுத்தாளரைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டியும் விட்டது. அமெரிக்க வரலாறு படிக்கிற நண்பர்களுக்கு 'ஹார்லெம் மறுமலர்ச்சி' என்று ஒரு பத்தி பாடத்தில் வரும். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் கேட்க மாட்டார்கள். அந்தப் பத்தியில் பல சமயம் இந்த விருந்து ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேதி 1924 மார்ச் 21. இடம் நியூயார்க், மன்ஹாட்டனில் 12-ஆம் தெருவில் இருந்த சிவிக் கிளப். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து நியூயார்க்கில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒரே மேசையில் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மேல்தட்டு மன்றங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் இல்லாமல் இல்லை. உணவகங்களில் நிறம் பார்த்து யாரையும் மறுக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1895-லேயே சட்டம் போட்டுவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. நடைமுறையில் 'எல்லா மேசையும் முன்பதிவாகிவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள், அல்லது யாரும் பரிமாற வராமலே இருந்துவிடுவார்கள். இதில் வேடிக்கை, 1923-ல் ஹார்லெமிலேயே காட்டன் கிளப் என்று ஒன்று வந்தது. மேடையில் பாடி ஆடுகிறவர்கள் கறுப்பினத்தவர். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் வெள்ளையர் மட்டும். தங்கள் பேட்டையிலேயே தாங்கள் விருந்தாளியாக நுழைய முடியாத நிலைமை!

ஆகவே ஒரு கறுப்பின எழுத்தாளரின் புத்தகத்துக்கு விருந்து வைக்க வேண்டும், வெள்ளைப் பதிப்பாளர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் வர வேண்டும் என்றால், எந்த இடம் என்பதே முதல் பிரச்சினை.

அந்தப் புத்தகம் 'தேர் இஸ் கன்ஃப்யூஷன்'. நாவல். எழுதியவர் ஜெஸ்ஸி ஃபாசெட்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1882-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். பள்ளியில் முதல் வரிசை மாணவி. பிரின் மார் கல்லூரி கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளத் தயங்க, கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1905-ல் சிறப்பாகத் தேறி வந்தார். வளர்ந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் உயர்நிலைப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களை வேலைக்கு வைப்பதில்லை. ஆகவே வாஷிங்டனுக்குப் போய் பதினான்கு வருஷம் பிரெஞ்சும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தார். 1919-ல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி க்ரைசிஸ்' பத்திரிகைக்கு இலக்கிய ஆசிரியராக வந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த வேலை சாதாரணமானதல்ல. தபாலில் வந்த கவிதைக் குவியலில் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற, அப்போதுதான் பள்ளியை முடித்திருந்த பையனைக் கண்டுபிடித்தவர் இவர்தான். முதலில் குழந்தைகளுக்கான 'பிரவுனீஸ் புக்' இதழில் போட்டார். பிறகு 1921 ஜூன் 'க்ரைசிஸ்' இதழில், ஆறுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையை வெளியிட்டார். கவுன்டீ கல்லன், ஜீன் டூமர் போன்றவர்களுக்கும் ஊக்கம் கொடுத்தார். பின்னாளில் ஹியூஸ் தன் சுயசரிதையில், இந்த இலக்கியத்துக்குப் பிரசவம் பார்த்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்கிறார். அதில் ஒருவர் ஜெஸ்ஸி ஃபாசெட். மற்ற இருவரும் இந்தக் கதையில் இதோ வருகிறார்கள்.

ஃபாசெட் நாவல் எழுதத் தொடங்கியதற்குத் தூண்டுகோல், வெள்ளை எழுத்தாளர் ஒருவர் கறுப்பின வாழ்க்கையைப் பற்றி 1922-ல் எழுதிய நாவல். அதைப் படித்துவிட்டு, 'நம்மைப் பற்றி நாமே எழுதினால் இதைவிட ஒழுங்காக எழுத மாட்டோமா?' என்று தோன்றியதாம். எழுதினார். படித்த, நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய கதை. ஒரு பதிப்பாளர் அதைத் திருப்பி அனுப்பினார். கறுப்பினத்தவர் இப்படி இருப்பார்கள் என்று வெள்ளை வாசகர்கள் எதிர்பார்ப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். பிறகு போனி அண்ட் லிவரைட் நிறுவனம் 1924-ல் அதை வெளியிட்டது. வயது நாற்பத்திரண்டை நெருங்கும்போது முதல் நாவல்.

இந்த நாவல் வந்ததைக் கொண்டாட வேண்டும் என்ற யோசனை, ஹார்லெமின் இளைஞர் வட்டத்தில் முளைத்தது. காதில் போட்டுக்கொண்டவர் சார்ல்ஸ் எஸ். ஜான்சன். சமூகவியலாளர். 1923-ல் தொடங்கிய 'ஆப்பர்ச்சூனிட்டி' பத்திரிகையின் ஆசிரியர். (ஹியூஸ் சொன்ன மூவரில் இரண்டாமவர்.) ஜான்சன் மேடைக்கு வராமல் பின்னால் இருந்து காரியம் சாதிப்பவர். யாரைக் கூப்பிட்டால் யார் வருவார்கள், யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் எந்தக் கதவு திறக்கும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. ஒரு நாவலுக்கு விருந்து என்ற சின்ன யோசனையை அவர் பெரிதாக்கினார். இளைய கறுப்பின எழுத்தாளர்கள் எல்லோரையும் ஒரே இரவில் நியூயார்க் பதிப்புலகத்தின் முன் நிறுத்துவது என்று திட்டம் மாறியது.

நிகழ்ச்சியை நடத்தித் தர ஆலன் லாக்கை அழைத்தார். (மூன்றாமவர்.) ஹாவர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். 1907-ல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு போன முதல் கறுப்பினத்தவர். லாக் ஒப்புக்கொண்டார். ஆனால் விருந்து ஒரு நாவலுக்காக மட்டும் இருக்கக் கூடாது, ஒரு தலைமுறைக்காக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃபாசெட்டின் எழுத்தின் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை என்பதும் கூடவே சேர்ந்துகொண்டது.

விருந்துக்கு நூற்றுப் பத்துப் பேர் அளவில் வந்தார்கள். பேசியவர்கள் பட்டியலைப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த டுபாய்ஸ். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். பதிப்பாளர் ஹொரேஸ் லிவரைட். 'செஞ்சுரி' பத்திரிகையின் கார்ல் வான் டோரன். ஆப்பிரிக்கச் சிற்பங்களைச் சேகரித்துவந்த ஆல்பர்ட் பார்ன்ஸ். இளைய கவிஞர்கள் பக்கம் கவுன்டீ கல்லன் கவிதை வாசித்தார். க்வென்டலின் பென்னெட் என்ற இளம்பெண், ஃபாசெட்டுக்குச் சமர்ப்பித்து எழுதிய ஒரு கவிதையை வாசித்தார். அந்த இரவில் விருந்தின் பழைய நோக்கத்தை நினைவில் வைத்திருந்தது அந்தக் கவிதைதான் என்று எனக்குப் படுகிறது.

வான் டோரனின் பேச்சு பிறகு 'ஆப்பர்ச்சூனிட்டி'யில் அச்சானது. அமெரிக்க இலக்கியத்துக்கு நிறமும் இசையும் துள்ளலும் வேண்டும், அதைக் கறுப்பினத்தவர் கொடுக்க முடியும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் பேசினார். ஆனால் ஃபாசெட்டின் நாவல் வேறு எதையோ சொல்ல வந்த நாவல். டாக்டருக்குப் படிப்பவர்கள், குடும்பப் பெருமை, கல்யாணக் கவலை என்று சாதாரண மனிதர்களின் சாதாரண வாழ்க்கை. 'எங்களிடம் துள்ளலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்' என்பதே அந்த நாவலின் சாரம் என்றுகூடச் சொல்லலாம். அந்த நாவலுக்கான விருந்திலேயே இப்படி ஒரு பேச்சு!

நம்மூர் வெளியீட்டு விழாக்களுக்குப் போனவர்களுக்கு ஏற்புரை என்ற பகுதியின் பரிதாபம் தெரியும். எல்லோரும் பேசி முடித்து, பாதிப் பேர் கிளம்பத் தயாராகும் நேரத்தில் ஆசிரியரைக் கூப்பிடுவார்கள். ஃபாசெட்டுக்கும் அதுதான் நடந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் எழுந்து, உதவியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விருந்து கலைகிற நேரத்தில்தான் அந்த இரவின் பெரிய காரியம் நடந்தது. 'சர்வே கிராஃபிக்' பத்திரிகையின் ஆசிரியர் பால் கெல்லாக், இந்த இளைஞர்களுக்கு ஒரு இதழையே முழுதாகக் கொடுக்கிறேன் என்று முன்வந்தார். அதைத் தொகுக்கும் பொறுப்பு லாக்குக்குப் போனது. 1925 மார்ச்சில் வந்த அந்த ஹார்லெம் சிறப்பிதழ் 42,000 பிரதிகளுக்கு மேல் போனது, வழக்கமாகப் போவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதே ஆண்டின் இறுதியில் அது விரிவாக்கப்பட்டு 'தி நியூ நீக்ரோ' என்ற புகழ்பெற்ற தொகுப்பானது. கவுன்டீ கல்லனின் முதல் கவிதைப் புத்தகத்தையும் 1925-ல் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்டது. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு பலன் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஜான்சனுக்கு வந்தது. உடனே 'ஆப்பர்ச்சூனிட்டி' சார்பில் ஒரு இலக்கியப் போட்டி அறிவித்தார். பரிசளிப்பை 1925 மே 1 அன்று ஒரு பெரிய விருந்தாக வைத்தார். இந்த முறை மன்றம் இல்லை, மன்ஹாட்டனில் ஃபிஃப்த் அவென்யூ ரெஸ்டாரண்ட். வந்தவர்கள் 316 பேர். கவிதையில் முதல் பரிசு லாங்ஸ்டன் ஹியூஸுக்கு, 'தி வியரி ப்ளூஸ்' என்ற கவிதைக்காக. பரிசுத் தொகை நாற்பது டாலர். தொகையை விடுங்கள், அன்றைய சந்திப்பின் தொடர்ச்சியாக கார்ல் வான் வெக்டென் என்ற எழுத்தாளர் ஹியூஸின் கையெழுத்துப் பிரதியை வாங்கி க்னாஃப் நிறுவனத்திடம் சேர்த்தார். சில வாரங்களில் ஏற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அதிகமாகச் சம்பாதித்தவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்பேன். அந்த ஜனவரியில்தான் நியூயார்க் வந்திறங்கியிருந்தார். கையில் ஒன்றரை டாலர், வேலையும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அன்று கதைக்கும் நாடகத்துக்கும் பரிசு வாங்கினார். விருந்தில் அறிமுகமான ஆனி நேதன் மேயர் மூலம் பார்னர்ட் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தது. அங்கே அப்போது அவர் ஒருவர்தான் கறுப்பின மாணவி. 1928-ல் பட்டம் வாங்கினார்.

இப்போது மேசையின் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் போவோம்.

1924-ல் சிவிக் கிளப் விருந்து நடந்தபோது ஹியூஸ் நியூயார்க்கில் இல்லை. கப்பலில் வேலை செய்து பாரிஸ் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த ஆண்டு மோன்மார்த்ரில் ஒரு இரவு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். 1925-ல் பரிசு வாங்கி, புத்தகமும் அச்சுக்குப் போன பிறகும் வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லை. வாஷிங்டனில் வார்ட்மன் பார்க் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். மேசை துடைத்து எச்சில் தட்டுகளை எடுக்கிற பையன். மாதம் ஐம்பத்தைந்து டாலர், சாப்பாடு இலவசம்.

அங்கே தங்க வந்தார் வேச்சல் லிண்ட்சே, அப்போது நாடறிந்த கவிஞர். அன்று மாலை ஓட்டலின் அரங்கில் கவிதை வாசிப்பு. ஹியூஸுக்குப் போய்க் கேட்க ஆசை, ஆனால் கறுப்பினத்தவருக்கு அந்த அரங்கில் அனுமதி இல்லை. ஆகவே தன் கவிதைகள் மூன்றை ஒரு தாளில் எழுதி, சாப்பிட உட்கார்ந்த லிண்ட்சேயின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேச வெட்கப்பட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். இரவு லிண்ட்சே அந்தக் கவிதைகளை மேடையில் வாசித்துக் காட்டினார். மறுநாள் காலை ஓட்டலில் நிருபர்கள் காத்திருந்தார்கள். எச்சில் தட்டுகள் அடுக்கிய தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஹியூஸைப் படம் எடுத்தார்கள். ஓட்டல் பையனுக்குள் இருந்த கவிஞனை லிண்ட்சே கண்டுபிடித்தார் என்று செய்தி ஊரெல்லாம் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது: ஹியூஸின் கவிதைகளை ஃபாசெட் வெளியிட்டு அப்போது நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பரிசு வாங்கி அரை வருஷம். அவருடைய முதல் புத்தகம் அடுத்த மாதமே, 1926 ஜனவரியில், வெளிவரக் காத்திருந்தது. ஆனாலும் 'கண்டுபிடித்தவர்' லிண்ட்சேதான் என்று ஆனது. லிண்ட்சே மேல் தப்பில்லை. அவர் நல்ல மனிதர், பையனுக்குப் புத்தகங்கள் பரிசளித்து ஒரு கடிதமும் எழுதி வைத்துவிட்டுப் போனார். செய்தித்தாள்களுக்கு எந்தக் கதை ருசிக்கும் என்பதுதான் விஷயம்.

வாஷிங்டன் உணவகங்களைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக முடியாது. 1872-லும் 1873-லும் அந்த நகரில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒழுங்காக நடந்துகொள்ளும் யாருக்கும் உணவகங்கள் உணவு தர வேண்டும் என்றன. பிறகு அவற்றை யாரும் ரத்து செய்யவில்லை, அமல்படுத்தவும் இல்லை. தொகுப்புகளில் இருந்தே காணாமல் போயின. 1950 பிப்ரவரியில் 14-ஆம் தெருவில் இருந்த தாம்ஸன்ஸ் உணவகத்துக்கு மேரி சர்ச் டெரல் நண்பர்களோடு போனார். வயது 86. தட்டில் உணவை எடுத்துக்கொண்டு வந்தவரை, பரிமாற முடியாது என்று சொல்லித் திருப்பினார்கள். அவர் எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1953 ஜூன் 8 அன்று அந்தப் பழைய சட்டங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன என்று தீர்ப்பு வந்தது. டெரலும் எழுத்தாளர்தான், 1940-லேயே தன் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டவர். தன் ஊரின் நடுவில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையைப் புத்தகம் வந்து பதிமூன்று வருஷம் கழித்துத்தான் பெற்றார்.

அதே 14-ஆம் தெருவில், இன்னும் கொஞ்சம் வடக்கே, 2005-ல் ஒரு உணவகம் திறந்தார்கள். பெயர் 'பஸ்பாய்ஸ் அண்ட் பொயட்ஸ்'. தட்டு எடுக்கிற பையன்களும் கவிஞர்களும் என்று அர்த்தம். தொடங்கியவர் ஆண்டி ஷல்லல், சிறுவயதில் இராக்கிலிருந்து அமெரிக்கா வந்தவர். உள்ளேயே புத்தகக் கடை, ஒரு மேடை. கவிதை வாசிப்பு, எழுத்தாளர் பேச்சு, கையெழுத்து எல்லாம் நடக்கும். பிறகு அந்த வட்டாரத்தில் பல கிளைகள் வந்துவிட்டன. பெயர் யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை. :)

சரி, ஜெஸ்ஸி ஃபாசெட் என்ன ஆனார்?

விருந்துக்குப் பின் ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து, அவருடைய நான்காவது நாவலுக்கு லாக் ஒரு விமர்சனம் எழுதினார். பாராட்டு குறைவு. ஃபாசெட் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த விருந்து எனக்கானது அல்ல என்று வேலைமெனக்கெட்டு என் சகோதரரிடம் சொன்னீர்களே, அதிலிருந்தே உங்கள் மனப்பான்மை எனக்குப் பிடித்ததில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பத்து வருஷம் மனதில் வைத்திருந்தார் என்று சிலர் இதைச் சின்னத்தனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழைப்புக்குக் காரணமான புத்தகம் அவருடையது. அன்று பாராட்டப்பட்ட இளைஞர்களில் பலரை முதலில் அச்சில் ஏற்றியதும் அவர்தான். லாக் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அதை அவருடைய சகோதரரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? இன்னொரு பக்கம், ஜான்சனும் லாக்கும் விருந்தைப் பெரிதாக்காமல் இருந்திருந்தால் கெல்லாக் வந்திருக்க மாட்டார், 'நியூ நீக்ரோ' வந்திருக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்தன.

1926-ல் அவர் 'க்ரைசிஸ்' வேலையை விட்டார். பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை கிடைக்குமா என்று தேடினார். நிறம்தான் இடைஞ்சல் என்றால் வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1927-லிருந்து 1944 வரை நியூயார்க்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் மறுபடியும் ஆசிரியை. மிச்ச மூன்று நாவல்களை விடுமுறைகளிலும் ஓய்விலும்தான் எழுத முடிந்தது. 1961-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். முதல் நாவல் பல காலம் கிடைக்காமல் இருந்து 1989-ல் மறுபதிப்பு கண்டது, 2020-ல் இன்னொரு பதிப்பும் வந்தது.

அவருடைய இரண்டாவது நாவல் 'ப்ளம் பன்', 1928-ல் வந்தது. வெள்ளைக்காரியாகத் தோற்றமளிக்கும் கறுப்பினப் பெண் ஏஞ்சலா, தான் யார் என்பதை மறைத்து, பணக்கார வெள்ளை இளைஞன் ஒருவனோடு உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். கறுப்பினத்தவர் மூன்று பேர் சாப்பிட வருகிறார்கள். இளைஞன் எழுந்து போய் ஏதோ சொல்கிறான். அவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவன் வெற்றிக் களிப்போடு வந்து உட்கார, ஏஞ்சலா ஒன்றும் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.